ஆறுதல் மெஷின்

டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் காலை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பதுதான் பிரேக்கக்காவின் தொழில். கற்றுக்கொள்ள வருபவர் மரத்தை நோக்கிப் போனாலும் சரி, மாநகராட்சி லாரியை நோக்கிப் போனாலும் சரி, அக்காவின் முகம் மாறாது. கால் மட்டும் அதன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். வருடக்கணக்கில் இதையே செய்து பழகிவிட்டதால் பேருந்தில் போகும்போதும் அவருடைய கால் தரையை அழுத்தும். வீட்டில் டிவியில் கார்கள் துரத்திக்கொண்டால் சோபாவே சற்றுப் பின்னால் நகரும். அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட யாரோ வைத்த பெயர்தான் பிரேக்கக்கா. பிறகு வீட்டுக்காரரைத் தவிர எல்லோரும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

உட்கார்ந்தே பார்க்கிற வேலை. போதாததற்கு, லைசென்ஸ் வாங்கிய ஒவ்வொருவரும் நேராகக் கேக் கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்கள். வேண்டாம் என்றால் மனம் நோகும். அக்கா யார் மனத்தையும் நோகடித்தவர் அல்ல. வருடத்துக்கு வருடம் சீட் பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகிக்கொண்டு வந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நர்ஸம்மா அவரிடம் கார் கற்றுக்கொள்ள வந்தார். மூன்றாம் நாளே பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, நீங்க எனக்கு கிளட்ச் சொல்லிக் குடுங்க. நான் உங்களுக்குச் சாப்பிடச் சொல்லித் தரேன்."

"சாப்பிடறது எனக்கு நல்லாவே தெரியுமே," என்றார் அக்கா.

"அதான் பிரச்சினை," என்றார் நர்ஸம்மா, கியரை மாற்ற மறந்தபடி.

உடல் எடையைக் குறைக்க விரும்புகிறவர்களுக்காக அந்த நர்ஸம்மா ஒரு குழு நடத்திக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மாலை, பொது நூலகத்தின் மாடியில். அது குழந்தைகளுக்குக் கதை சொல்லும் அறை. சுவரில் ஒட்டகச்சிவிங்கி, தரையில் வண்ணப் பாய், உட்காரக் குழந்தைகளின் குட்டி நாற்காலிகள். ஊரிலேயே கனமான ஆட்கள் ஊரிலேயே சின்ன நாற்காலிகளில் உட்கார்ந்து கொழுப்பைப் பற்றிப் பேசினார்கள். எழுந்திருக்கும்போது சில நாற்காலிகளும் கூடவே எழுந்தன.

வாராவாரம் எடை பார்ப்பார்கள். குறைந்தவருக்குக் கைதட்டல். கூடியவரைப் பார்த்து, பரவாயில்லை, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். அக்காவுக்கு அந்த அறை பிடித்துப்போனது. கொஞ்சம் இளைக்கவும் இளைத்தார்.

பிறகு நர்ஸம்மாவுக்கு வெளியூருக்கு மாற்றலாகிவிட்டது. போகிற அன்று எடை மெஷினைத் தூக்கி அக்காவின் கார் டிக்கியில் வைத்தார். "வண்டி உங்ககிட்டதானே இருக்கு அக்கா" என்றார். மெஷினோடு குழுவும் சேர்ந்து வருகிறது என்பது, டிக்கியை மூடிய பிறகுதான் அக்காவுக்குப் புரிந்தது.

மேடையில் நின்று பேசிப் பழக்கமில்லாதவர். "பாத்து, மெதுவா, லெஃப்ட்ல எடுங்க" என்பதைத் தாண்டி அவருக்கு ஊக்க மொழி எதுவும் தெரியாது. முதல் கூட்டத்தில் அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். இரண்டு மாதத்தில் பாதி நாற்காலிகள் காலி. எடை கூடியவர் அடுத்த வாரம் வருவதில்லை. அதற்கடுத்த வாரம் வரக் கூச்சப்படுகிறார். பிறகு தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

அக்கா தமக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். அதிகம் குறைத்தவருக்கு ஒரு தண்ணீர் பாட்டில் பரிசு என்று அறிவித்தார். பேக்கரிக்காரருக்குக் கிடைத்தது. நல்ல மனிதர். கிரீமை ருசி பார்க்காமல் கடையை விட்டு வெளியே அனுப்ப மாட்டார், அதுதான் அவருக்கு வினை. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு கஷ்டப்பட்டதுக்குத் தண்ணிதானா அக்கா?" என்று கேட்டார். அதோடு பரிசுத் திட்டம் முடிந்தது.

வராதவர்களின் வீட்டு வாசலில் போய் ஹாரன் அடித்தும் பார்த்தார். சிக்னலில் வண்டி நின்றுபோய்ப் பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்த அவமானத்தில் மறுநாள் வகுப்புக்கு வராமல் படுத்துக்கொள்ளும் ஆட்களை அவர் இப்படித்தான் எழுப்பிக் கூட்டிவருவார். சிலர் வந்தார்கள். சிலர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்கள்.

இருந்தவர்களிலும் பெரிய தலைவலி மாமியாரும் மருமகளும். இருவரும் ஒரே வீடு, ஒரே சமையல், ஒரே நாளில் குழுவில் சேர்ந்தவர்கள். மருமகள் வாராவாரம் குறைந்தாள். மாமியார் மட்டும் அசையவில்லை. மருமகளுக்குக் கைதட்டும்போதெல்லாம் மாமியார் கைப்பைக்குள் எதையோ தேடுவார்.

"நான் ஆக்கறதத்தான் அவளும் சாப்பிடறா," என்றார் ஒருநாள் அக்காவிடம். "எனக்கு மட்டும் எப்படி ஒட்டுது?"

"நீங்க ருசி பாக்கறீங்க அத்தை," என்றாள் மருமகள் அடக்கமாக.

"உப்பு பாக்கறது ஒரு குத்தமா?"

"கரண்டியில பாத்தா குத்தமில்ல. நீங்க கிண்ணத்துல பாக்கறீங்க."

அடுத்த சனிக்கிழமையோடு நின்றுவிடப்போவதாக மாமியார் அறிவித்தார். நிற்கிற வாரமும் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிட்டுத்தான் நிற்பேன் என்றும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமைதான் எல்லாம் மாறியது. நூலகத் தெருவில் அந்த வாரம் புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். வெள்ளை அடிக்கவில்லை. அக்காவின் காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் திங்கட்கிழமை டெஸ்ட்டுக்குப் போக வேண்டிய தபால்காரர். கார் தடையின் மேல் ஏறிக் குதித்தது. அக்காவின் கால் அன்று ஒரு நொடி பிந்திவிட்டது. டிக்கிக்குள் ஏதோ தூக்கிப்போட்டுத் தடாலென்று விழுந்தது.

"ஸ்டெப்னியா இருக்கும், போங்க," என்றார் அக்கா.

மாலையில் மாமியார்தான் முதலில் ஏறினார். முள் சுற்றிக்கொண்டு போய், வழக்கமான இடத்துக்கு வெகு முன்னாலேயே நின்றது. போன வாரத்தைவிட மூன்று கிலோ குறைவு. மாமியார் இறங்கினார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி ஏறினார். அதே மூன்று கிலோ.

கைதட்டல் கிளம்பியதில் கீழே படித்துக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்களாம். மாமியார் முதன்முறையாகக் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார். "வெந்நீர்தான்," என்றார். "காலையில எழுந்ததும் வெந்நீர். வேற ஒண்ணும் நான் பண்ணல."

அன்று எல்லோருக்கும் குறைந்தது. பேக்கரிக்காரருக்குக் குறைந்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கும் குறைந்தது. ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். வாத்தியார் மாடிப்படி ஏறியதைச் சொன்னார். பேக்கரிக்காரர் கிரீமை இப்போதெல்லாம் மூக்கால் மட்டுமே ருசி பார்ப்பதாகச் சொன்னார். அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நமக்குப் பேசத் தெரியாது என்று நினைத்தோமே, நம் பேச்சும் எங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு குழுவுக்கு வந்த வேகத்தைச் சொல்லி முடியாது. காரணம் சொன்னவர்கள் சொன்ன காரணத்தைக் காப்பாற்ற வேண்டியதாகிவிட்டது. வாத்தியார் நிஜமாகவே படி ஏறினார். தம் வீட்டில் மாடி இல்லாததால் பக்கத்துக் குடியிருப்புக்குப் போய் ஏறினார். பேக்கரிக்காரர் கிரீம் பார்க்கும் பொறுப்பைத் தம்பியிடம் விட்டார். வெந்நீர் மாமியார் என்று பெயரெடுத்தவர், பேருக்குப் பங்கம் வரக்கூடாது என்று விடியற்காலையில் மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தார். கூடவே மருமகளும் ஓடினாள். இப்போது மைதானத்தில் போட்டி. நின்றுபோனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். நாற்காலி போதாமல் சிலர் வண்ணப் பாயில் உட்கார்ந்தார்கள். வாராவாரம் முள் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இறங்கியது.

ஒரு சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு அக்கா தனியாக நின்றார். தலைவி ஆனதிலிருந்து அவர் மெஷினில் ஏறவே இல்லை. மற்றவர்களை ஏற்றி இறக்குகிறவரிடம் யாரும் ஏறச் சொல்வதில்லை. அந்த வாரம் அவரிடம் படித்த இரண்டு பேர் டெஸ்ட்டில் தேறியிருந்தார்கள். இரண்டு கேக் பெட்டிகள். ஒன்றை வீட்டுக்காரரோடு பங்கிட்டார். இன்னொன்று காரிலேயே, சிக்னல்களில் தீர்ந்துவிட்டது. நடப்பது நடக்கட்டும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

முள், நர்ஸம்மா கடைசியாகப் பார்த்த எடைக்கும் கீழே நின்றது.

வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். அக்கா உடனே இறங்கிவிட்டார். ஊரில் எல்லோரும் இளைத்ததை நம்பியவரால் தாம் இளைத்ததை மட்டும் நம்ப முடியவில்லை. தம் வாய்க்குள் போனது என்ன என்று அவருக்குத் தெரியும்.

அக்காவின் வீட்டுக்காரர் பார்சல் ஆபீசில் கவுன்டர் வேலை பார்ப்பவர். குச்சிபோல் இருப்பார். கேக் பெட்டியில் பாதி அவருக்குள் போகும், எங்கே போகிறது என்று தெரியாது. திங்கட்கிழமை மதியம் அக்கா நேராக அங்கே போனார்.

"என்னங்க, அந்தப் பெரிய தராசுல நான் கொஞ்சம் நிக்கணும்."

"இங்கயா? ஆளுங்க நிக்கறாங்க பாரு."

"நிக்கட்டும். நானும் வரிசையிலதான் வரேன்."

முறை வந்தபோது தராசின்மேல் ஏறி நின்றார். பக்கத்துக் கவுன்டர்காரர் தலையை நிமிர்த்தாமலேயே, "உடையற சாமானாங்க?" என்று கேட்டுவிட்டுப் பிறகுதான் பார்த்தார். வீட்டுக்காரர் எண்ணைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கல்யாணமான நாளிலிருந்து காப்பாற்றிவரும் நிதானத்தோடு திரையை அவர் பக்கம் திருப்பினார். மெஷின் காட்டியதைவிட மூன்று கிலோ கூட.

வீட்டுக்குப் போய் மெஷினைக் கவிழ்த்துப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. முள் பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் தடுக்க உள்ளே ஒரு சின்ன ஆணி இருந்தது. வேகத்தடையில் விழுந்தபோது ஸ்பிரிங் நழுவி, முள் அந்த ஆணிமேல் சாய்ந்து நின்றுகொண்டது. பார்வைக்குப் பூஜ்யம். ஆனால் முதல் மூன்று கிலோவை அது கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. குழந்தை ஏறினாலும் மூன்று கிலோ தள்ளுபடி, மாமியார் ஏறினாலும் மூன்று கிலோ தள்ளுபடி.

"சொல்லாம விட்டா என்ன?" என்றார் வீட்டுக்காரர் இரவுச் சாப்பாட்டின்போது. "எல்லாரும் சந்தோஷமாத்தானே இருக்காங்க."

அக்காவும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். தொழிலில் அவர் அடிக்கடி செய்கிற காரியம் ஒன்று உண்டு. புதியவர் வளைவில் தடுமாறும்போது, அவருக்குத் தெரியாமல் அக்கா தம் பிரேக்கை லேசாக மிதிப்பார். வண்டி அழகாகத் திரும்பும். புதியவர் தானே திருப்பியதாக நினைத்துப் பூரித்துப்போவார். முதல் சில நாளுக்கு அது நல்லது. ஆனால் காலை எடுக்காமலே இருந்துவிட்டால், டெஸ்ட் அன்று அவர் நேராகக் கம்பத்தில் போய் முட்டுவார். அப்படி ஒருவர் முட்டியும் இருக்கிறார்.

"காலை எடுத்துத்தாங்க ஆகணும்," என்றார். வீட்டுக்காரர் எந்தக் காலை என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை சொன்னார். சுற்றி வளைக்கத் தெரியாது, ஆணியிலிருந்து ஆரம்பித்து ஆணியிலேயே முடித்தார். தாம் திங்கட்கிழமையிலிருந்து தெரிந்தே பேசாமல் இருந்ததையும் சேர்த்துச் சொன்னார். முடித்தபோது ஒட்டகச்சிவிங்கியைத் தவிர யாரும் அவரைப் பார்க்கவில்லை.

பேக்கரிக்காரர்தான் முதலில் எழுந்தார். "நான் பேன்ட்டெல்லாம் பிடிச்சுத் தைக்கக் குடுத்துட்டேன் அக்கா," என்றார். கோபமில்லை, அதைவிட மோசமாக இருந்தது அந்தக் குரல். மாமியார் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "என்னை வச்சு விளையாடிட்டீங்க," என்று சொல்லிவிட்டு, பின்னால் வந்த மருமகளைத் திரும்பியும் பார்க்காமல் படி இறங்கினார்.

அடுத்த வாரம் இரண்டே பேர் வந்தார்கள். ஒருவர் கணக்கு வாத்தியார். இன்னொருத்தி மருமகள்.

"நீ எப்படிம்மா வந்தே?" என்று கேட்டார் அக்கா.

"அத்தை வீட்டுல இருக்காங்களே அக்கா," என்றாள் மருமகள். "அதான் வந்தேன்."

வாத்தியார் கரும்பலகைப் பக்கம் போனார். அதில் யாரோ குழந்தை வரைந்த யானையை அழிக்க மனமில்லாமல், ஓரத்தில் கொஞ்சம் இடம் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க பாதிதான் சொன்னீங்க," என்றார். "பத்து நிமிஷம் பின்னாடி இருக்கிற கடிகாரம் ஒண்ணு வீட்டுல இருக்குன்னு வையுங்க. அதுல அஞ்சு மணிக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழுந்தா எவ்வளவு நேரம் தூங்கினீங்க?"

"ஒரு மணி நேரம்."

"கடிகாரம் தப்புதானே?"

"தப்பா இருந்தா என்ன சார், தூங்கினது தூங்கினதுதானே."

"அவ்வளவுதான். மெஷின் எல்லா வாரமும் அதே மூணு கிலோவைத்தான் முழுங்கிச்சு. முதல் வாரத்துல இறங்கினது மட்டும்தான் பொய். அதுக்கப்புறம் இறங்கினது பூரா நிஜம்."

அக்கா குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். மருமகள் விரல்விட்டு ஏதோ எண்ணினாள், பிறகு மெல்லச் சிரித்தாள். அக்கா உடனே எழுந்தார், நாற்காலியும் எழுந்தது. "வாங்க, வண்டியில ஏறுங்க," என்றார்.

பேக்கரியில் கூட்டமில்லை. வாத்தியார் மாவு மூட்டைகளைக் காட்டிக் கணக்கை விளக்கினார். பேக்கரிக்காரர் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்த மூணு கிலோ?"

"அது மெஷினோடது."

"மத்தது?"

"மத்தது நீங்க சம்பாதிச்சது."

அவர் இடுப்பில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். பிடித்துத் தைத்த பேன்ட்டிலும் இடம் இருந்தது. "கடையில மூட்டை நிறுக்கற தராசு ஒண்ணு சும்மாதான் கிடக்கு," என்றார். "அது பொய் சொல்லாது. அதை எடுத்துட்டு வரேன்."

மாமியார் கதவைப் பாதிதான் திறந்தார். வாத்தியார் கடிகாரத்தில் ஆரம்பித்தபோதே கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

"எனக்குக் கணக்கெல்லாம் வேண்டாம். அந்தப் பழைய மெஷினை என்ன பண்ணீங்க?"

"ரிப்பேருக்குக் குடுக்கலாம்னு இருக்கேன்," என்றார் அக்கா.

"குடுக்காதீங்க." மாமியார் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். "இத்தனை வருஷத்துல என்னைப் பத்தி நல்லதா ரெண்டு வார்த்தை சொன்னது அது ஒண்ணுதான். அது இருந்தா நான் வரேன். இல்லேன்னா வரல."

மருமகள் மிதியடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டார். "இருக்கட்டும்மா. அதுவும் இருக்கட்டும்," என்றார்.

அப்படித்தான் அந்த அறையில் இரண்டு மெஷின்கள் வந்து சேர்ந்தன. ஒட்டகச்சிவிங்கிக்குக் கீழே பேக்கரித் தராசு; அதற்கு அசல் என்று பெயர். ஜன்னலோரம் பழையது, அதற்கு ஆறுதல் என்று பெயர். எதில் ஏறுவது என்பது அவரவர் இஷ்டம். தாழ்ந்த மனதோடு வருகிறவர்கள் முதலில் ஆறுதலில் ஏறி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு அசலுக்குப் போவார்கள். பொய் என்று தெரிந்தே கேட்கிற நல்ல வார்த்தைக்கும் ஏதோ ஒரு பலன் இருக்கத்தான் செய்தது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் ஆட்கள் வந்தார்கள்.

அக்கா பிரசங்கம் செய்வதை அடியோடு விட்டார். யார் எதில் ஏறுகிறார்கள் என்று மட்டும் பார்த்தார். தொடர்ந்து சில வாரம் ஆறுதலோடு நின்றுகொண்டவர் வீட்டுக்கு, நடுவில் ஒருநாள் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, எடையைத் தவிர மற்றதையெல்லாம் பேசிவிட்டு வருவார். அக்காவையும் சும்மா விடவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கூட்டம் தொடங்கும்முன் அக்காதான் முதலில் அசலில் ஏற வேண்டும் என்று வாத்தியார் சட்டம் போட்டுவிட்டார். முதல் தடவை எண்ணைப் பார்த்ததும் அறை முழுக்க, "பரவாயில்லை, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று ஒரே குரலில் சொன்னது. இவ்வளவு உற்சாகமாக அவர்கள் அதற்கு முன் எதையும் சொன்னதில்லை. இப்போது லைசென்ஸ் வாங்கியவர்கள் கேக் பெட்டியோடு வந்தால், அக்கா அதைப் பார்சல் ஆபீசுக்கு அனுப்பிவிடுகிறார். அங்கே எல்லோரும் வீட்டுக்காரரைப் போலவே குச்சிகள்.

மாமியார் மட்டும் மாதக்கணக்கில் ஆறுதலை விட்டு அசையவில்லை. ஏறுவார், படிப்பார், மெஷினின் தலையில் லேசாகத் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்குவார். மைதானத்தைச் சுற்றுவதையும் விடவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை, மழை பெய்ததால் ஆட்கள் குறைவு. மாமியார் குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போகாமல் ஒட்டகச்சிவிங்கிக்குக் கீழே போய் நின்றார்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க," என்றார்.

பேக்கரிக்காரர் திரும்பினார். வாத்தியார் திரும்பினார். அக்கா திரும்பினார். அவருடைய கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"நீ திரும்பாதே," என்றார் மாமியார் மருமகளிடம். "எனக்குக் கண்ணாடி நனைஞ்சு கிடக்கு. நீ படி."

தராசு கிறீச்சிட்டது. மருமகள் எண்ணைச் சொன்னாள்.

"சரியாப் பாத்தியா?"

"பாத்தேன் அத்தை."

"குனிஞ்சு பாரு."

மருமகள் குனிந்து பார்த்து அதே எண்ணைச் சொன்னாள். குழுவில் சேர்ந்த நாளில் இருந்ததைவிட அது நன்றாகவே குறைவு. மாமியார் இறங்கி வந்து, எல்லோரையும் இந்தப் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு, குட்டி நாற்காலியில் கவனமாக உட்கார்ந்தார்.

"உன்னோடது எவ்வளவு?" என்று கேட்டார்.

மருமகள் அன்று இன்னும் எதிலும் ஏறவில்லை. அக்காவைப் பார்த்தாள். அக்கா உதட்டைப் பிதுக்கினார், உன் பாடு என்பதுபோல்.

"நான் இந்த வாரம் கொஞ்சம் கூடியிருக்கேன் அத்தை," என்றாள்.

"அதுக்கென்ன," என்றார் மாமியார், முகத்தைக் கஷ்டப்பட்டு வருத்தமாக வைத்துக்கொண்டு. "நாளையிலிருந்து வெந்நீர் குடி. நான் வச்சுத் தரேன்."